எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்த ஆல்பம் அல்ல

பங்க் ராக்கிலிருந்து கிளைத்த எமோ, போஸ்ட்-ஹார்ட்கோர் இசை வகையில் ஓர் இளம் குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்தால், அதைப் பாராட்ட விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பாராட்டைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்: பச்சையான உணர்ச்சி. வாசிப்பில் பிசிறு இருக்கிறது, ஒலிப்பதிவு சுமார்தான், ஆனால் மனத்தில் இருந்ததை அப்படியே கொட்டிவிட்டார்கள், அதனால்தான் நெஞ்சைத் தொடுகிறது என்று அந்தப் பாராட்டு விரிந்துகொண்டே போகும். கேட்பதற்கு அன்பாகத் தோன்றினாலும், இதில் இளைஞர்களின் உழைப்பை மதிக்காத ஓர் அலட்சியம் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. உணர்ச்சி எல்லோரிடமும் இருக்கிறது. அதைக் கொட்டியவர்களின் ஆல்பங்களில் மிகப் பெரும்பாலானவற்றை இன்று யாரும் கேட்பதில்லை. நிலைத்து நிற்கும் முதல் ஆல்பங்கள் நிற்பது வாசிப்பின் பலத்தால்தான் என்பது என் கருத்து. அதற்கு நான் எடுத்துக்கொள்வது, இந்த வகையின் ஆணிவேர் என்று பலரும் சுட்டுகிற ஆல்பத்தையே: ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்ற வாஷிங்டன் குழு, தன் பெயரையே தலைப்பாக வைத்து 1985இல் வெளியிட்ட ஆல்பம்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் அதைப் பதிவு செய்தபோது, பாடி கிதாரும் வாசித்த கீ பிச்சோட்டோவுக்கு 19 வயது. டிரம்ஸ் வாசித்த பிரெண்டன் கேன்டிக்கு 18 வயது. எடி ஜேனி இன்னொரு கிதார், மைக் ஃபெல்லோஸ் பேஸ் கிதார். வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனில், டான் ஸியன்டாரா தன் வீட்டின் நிலவறையில் நடத்திவந்த இன்னர் இயர் ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. தயாரிப்பாளர், மைனர் த்ரெட் குழுவில் பாடிய இயன் மக்காய். அவரும் ஜெஃப் நெல்சனும் 1980இல் தொடங்கிய டிஸ்கார்ட் நிறுவனம் அதைத் தன் 16ஆம் எண் வெளியீடாகக் கொண்டுவந்தது. பிற்காலத்தில் தங்கள்மேல் ஒட்டப்பட்ட எமோ என்ற பெயரை பிச்சோட்டோவும் சரி, மக்காயும் சரி, ஒருபோதும் ஏற்கவில்லை. அந்தப் பெயர்ச் சண்டை ரசிகர்களுக்குப் பொழுதுபோக்கு. ஆல்பத்துக்கு அதனால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

வயதை மட்டும் பார்த்தால் இவர்கள் கற்றுக்குட்டிகள் என்று தோன்றும். உண்மையில் பிச்சோட்டோ, கேன்டி, ஃபெல்லோஸ் மூவரும் இதற்கு முன்பே இன்சரெக்ஷன் என்ற குழுவில் சேர்ந்து வாசித்தவர்கள். ஜேனி அதற்கும் முந்தியவர். த ஃபெய்த் என்ற ஹார்ட்கோர் (வேகமும் முரட்டுத்தனமும் கூடிய பங்க்) குழுவின் 1983ஆம் ஆண்டுப் பதிவில் இரண்டாவது கிதாராகச் சேர்ந்து, அந்தக் குழுவின் முரட்டு வேகத்துக்குள் மெட்டு என்ற ஒன்றைக் கொண்டுவந்தவர். பதின்ம வயதிலேயே குழு அமைத்து, மேடையேறி, குழுவைக் கலைத்து, மறுபடி வேறு பெயரில் கூடுகிற பழக்கம் அந்த நகரத்தின் பங்க் வட்டத்தில் சாதாரணமாக இருந்தது. ஆகவே ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கின் முதல் ஆல்பம் அவர்களுடைய முதல் முயற்சி அல்ல. நேர்கோட்டு வேகத்தை முழுதாகக் கற்று, அதில் சலிப்பும் அடைந்த பிறகு செய்த ஆல்பம் அது.

அந்தச் சலிப்பின் பலனை 'ஃபார் வான்ட் ஆஃப்' பாட்டில் தெளிவாகக் கேட்கலாம். ஒரு கிதார் தாளக்கட்டை இழுத்துப் பிடித்திருக்க, மற்றொன்று முணுமுணுத்துப் பார்க்கக்கூடிய ஒரு மெட்டை அதன்மேல் ஓடவிடுகிறது. ஹார்ட்கோரில் இரண்டு கிதார்கள் இருந்தால் இரண்டும் ஒரே சுவரை எழுப்புவதே வழக்கம். இங்கே அவை ஒன்றுக்கொன்று இடம் கொடுக்கின்றன. கேன்டியின் டிரம்ஸோ இன்னும் ஒரு படி மேல். முதல் அடியில் பிடித்த வேகத்தைக் கடைசி அடிவரை மாற்றாமல் அடித்துத் தள்ளும் ஹார்ட்கோர் முறையை அவர் ஏற்கவில்லை. பாட்டின் ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் அந்தச் சிறு இடைவெளியில் ஸ்நேர் டிரம்மை உருட்டி, குரல் ஏறப்போகிறது என்று காதுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறார். 18 வயதுப் பையனின் ஆவேசமாக நாம் எடுத்துக்கொள்வது, பாட்டின் ஒவ்வொரு வளைவையும் மனப்பாடமாக வைத்திருந்த ஒருவனின் வாசிப்பு. அதே கேன்டியும் பிச்சோட்டோவும் பிறகு மக்காயோடும் ஜோ லாலியோடும் சேர்ந்து ஃபுகாஸி என்ற குழுவாக வாசித்தபோது உலகமே வியந்தது. அந்த வியப்புக்கான காரணங்களில் பாதி இந்த முதல் ஆல்பத்திலேயே இருக்கிறது.

குரலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வகையில் எல்லாத் தவறான பாராட்டும் குரலிலிருந்துதான் புறப்படுகிறது. பிச்சோட்டோவின் குரல் உடைகிறது, கீறுகிறது, சில இடங்களில் சுருதியை விட்டு வெளியே விழுகிறது. இவை எல்லாம் உண்மை. ஆனால் அது எங்கே உடைகிறது என்று கவனித்துக் கேட்டால், தற்செயலாக உடையும் குரல் அல்ல அது என்று புரியும். பல பாட்டுகளில் அவர் ஏறத்தாழப் பேசுவதுபோலத் தொடங்கி, வரிக்கு வரி அழுத்தத்தைக் கூட்டி, வாத்தியங்கள் நெருக்கி வரும்போது மேலேறி, பாட்டு எந்த இடத்துக்காக அதுவரை காத்திருந்ததோ அந்த இடத்தில்தான் அலறுகிறார். அலறலுக்கு மதிப்பு வருவது அதற்கு முன்னால் இருந்த அடக்கத்தால். அந்த அடக்கத்தைப் பாடகர் தனியாகச் சாதிக்க முடியாது. அவர் இறங்கும்போது மற்ற மூவரும் இறங்க வேண்டும், அவர் ஏறுவதற்கு ஒரு நொடி முன்பே அவர்கள் ஏறத் தொடங்க வேண்டும். பாட்டின் முதல் நொடியிலிருந்தே உச்சத்தில் நின்று அலறும் இளம் குழுக்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய வேதனை போலியானது என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் இரண்டாவது பாட்டிலேயே காது மரத்துப்போகிறது. மூன்றாவது பாட்டில் அவர்கள் எதைச் சொன்னாலும் ஏறுவதில்லை.

'தீம்' என்ற பாட்டைப் பாருங்கள். அதன் தலைப்பின் மறுபாதியே அழுகையைப் பற்றியது. கேள்விப்பட்டதை வைத்து, இது ஒரு புலம்பல் பாட்டு என்று எதிர்பார்த்துக் கேட்பவர்கள் ஏமாறுவார்கள். அழுதுகொண்டிருக்கும் ஒருவனின் பாட்டு அல்ல அது. நான் அழத் தொடங்கினால் என்ன ஆகும் என்று எதிரில் இருப்பவரிடம் கேட்கும் ஒருவனின் பாட்டு. வேகமானது, சிறியது, கிட்டத்தட்டத் துள்ளலானது. இந்த வகையின் அடையாளமாகிவிட்ட கண்ணீர், அதன் ஆணிவேர் ஆல்பத்தில் ஒரு கேள்வியாகத்தான் இருக்கிறது என்பதைப் பின்னால் வந்த பல குழுக்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்த இசை சொந்தத் துக்கத்துக்குள் சுருண்டுகொள்வது, வெளியுலகைப் பற்றி அக்கறையற்றது என்று இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. அதைச் சொல்பவர்கள் அந்த ஆண்டின் வாஷிங்டனைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். அதற்குள் அந்நகரத்து ஹார்ட்கோர் நிகழ்ச்சிகள் அடிதடிக் களங்களாக மாறியிருந்தன. இசையைக் கேட்க வருபவர்களைவிட ஆளைத் தள்ளி மிதிக்க வருபவர்கள் மிகுந்துவிட்டார்கள் என்ற வருத்தம் பழைய ஆட்களிடம் பரவியிருந்தது. அதற்கு மறுப்பாகப் புதுக் குழுக்கள் எழுந்த 1985 கோடைக்குப் புரட்சிக் கோடை என்றே பெயர் வந்தது. அதே கோடையில் அதே வட்டத்து இளைஞர்கள் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் கூடி, நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் பறையடிப்பதுபோல் கையில் கிடைத்ததை எல்லாம் தட்டி முழக்கினார்கள். முரட்டுத்தனமே ஆண்மை என்று ஆகிவிட்ட ஓர் அரங்கத்தில் ஏறி நின்று, எனக்கு வலிக்கிறது என்று ஒரு பையன் பாடுவதும் ஒரு நிலைப்பாடுதான். அதை வெறும் தன்னிரக்கம் என்று ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

குறைகளும் இருக்கின்றன, அவற்றை மறைத்துப் பாராட்டுவதில் பயன் இல்லை. பாட்டு வரிகள் காலம், நினைவு, இழப்பு என்ற சில சொற்களையே சுற்றிச்சுற்றி வருகின்றன. யாரை இழந்தான், எங்கே இழந்தான் என்று கேட்டால் ஆல்பம் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கிறது. வாஷிங்டனில் போடோமாக் ஆற்றின் ஓரமாக நீளும் நிலமுனை ஒன்றின் பெயர் 'ஹெய்ன்ஸ் பாயின்ட்' என்ற பாட்டுக்குத் தலைப்பாகியிருக்கிறது. பாட்டுகளின் பெயர்ப் பட்டியலில் ஊர் எட்டிப்பார்ப்பது அங்கே மட்டும்தான். இன்னும் நாலைந்து இடங்களில் இப்படி ஒரு தெருவோ ஓர் ஆளோ தென்பட்டிருந்தால் இந்த வரிகள் இன்னும் ஆழமாகத் தைத்திருக்கும். ஆல்பத்தின் பின்பாதியில் வேகமான பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது எது எங்கே முடிந்தது என்று குழம்புகிறது. ஏழு நிமிடத்தையும் தாண்டும் கடைசிப் பாட்டான 'எண்ட் ஆன் எண்ட்', ஒரே கோர்வையைத் திரும்பத் திரும்ப அடுக்கிப் பொறுமையைச் சோதிக்கிறது. நான் அந்தப் பாட்டின் பக்கம்தான் நிற்பேன் என்றாலும், பிடிக்காதவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன்.

பின்னால் வந்த முதல் ஆல்பங்களிலும் என் வாதம் பொருந்துகிறதா என்று யோசித்துப் பார்த்தேன். சன்னி டே ரியல் எஸ்டேட் குழுவின் 1994ஆம் ஆண்டு 'டைரி', அமைதிக்கும் இரைச்சலுக்கும் இடையே ஏறி இறங்கும் அந்தப் பெரிய அலைகளை வில்லியம் கோல்ட்ஸ்மித்தின் டிரம்ஸ் இல்லாமல் எழுப்பியிருக்கவே முடியாது. அந்தக் குழு உடைந்தபோது அவரும் பேஸ் வாசித்த நேட் மெண்டலும் நேராக ஃபூ ஃபைட்டர்ஸ் என்ற ராக் குழுவுக்குப் போனதில் வியப்பில்லை. மை கெமிக்கல் ரொமான்ஸின் 2002ஆம் ஆண்டு முதல் ஆல்பம் இன்னும் சுவையான சாட்சி. குழு தொடங்கி ஓராண்டுகூடச் சரியாக ஆகியிருக்காது. தர்ஸ்டே குழுவின் பாடகர் ஜெஃப் ரிக்லி தயாரித்தார். பாடகர் ஜெரார்ட் வேயின் வெறிபிடித்த குரல்தான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. அந்தக் குரல் சிதறி ஓடாமல் பாட்டாக நிற்பதற்குக் காரணம், மெட்டல் இசையில் ஊறிய ரே டோரோவின் கிதார். அட் த டிரைவ்-இன் குழு 600 டாலர் செலவில் பதிவு செய்ததாகச் சொல்லப்படும் 1996ஆம் ஆண்டு முதல் ஆல்பம் மட்டும் எனக்குச் சங்கடம் தருகிறது. அதில் ஆற்றல் பீறிடுகிறது, வாசிப்பு அதற்கு ஈடுகொடுக்கவில்லை. நான்காண்டு கழித்து வந்த ஆல்பத்தில்தான் இரண்டும் சேர்ந்தன. அந்த முதல் ஆல்பத்தைக் கொண்டாடுபவர்கள் பெரும்பாலும் பின்னால் வந்ததைத் தெரிந்துகொண்டு பின்னோக்கிக் கேட்பவர்கள் என்றே நினைக்கிறேன்.

இதிலிருந்து ஒலிப்பதிவு பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இன்றைக்குக் கணினியும் ஒரு மைக்கும் இருந்தால் ஆல்பம் தயார். டிரம்ஸின் ஒவ்வொரு அடியையும் பிறகு கட்டத்துக்குள் இழுத்து நேராக்கிவிடலாம். பாடகர் விட்ட சுருதியையும் பிடித்து உட்காரவைத்துவிடலாம். பல இளம் குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன. வாத்தியத்தை முழுக்க நேராக்கிவிட்டு, குரலில் மட்டும் பச்சைத்தன்மை வேண்டும் என்று அலறலை அப்படியே விட்டுவைக்கிறார்கள். விளைவு, சீரான எந்திரத்தின்மேல் ஒருவர் தனியாகக் கத்திக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கில் பல்லவியை நெருங்கும்போது குழு முழுவதும் சற்றே முந்தி ஓடுகிறது. அளந்து பார்த்தால் அது பிழை, கேட்டால் அதுதான் பாட்டின் உயிர். நால்வரும் சேர்ந்தே முந்தியதால்தான் அது உயிரானது. மக்காய் தயாரிப்பாளராகச் செய்த பெரிய உதவி, தன் பழைய குழுவின் முரட்டு ஒலியை இவர்கள்மேல் திணிக்காமல், இந்தச் சேர்ந்த ஓட்டத்தைக் கலைக்காமல் நாடாவில் ஏற்றியதுதான் என்று கருதுகிறேன்.

குழு நீடிக்கவில்லை. இருபதுக்கும் குறைவான மேடைகள்; அவற்றிலும் கிதார்கள் உடைந்தன. 1986இன் தொடக்கத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கலைவதற்கு முன் பதிவு செய்த நான்கு பாட்டுகள் 1987இல் 'ஆல் த்ரூ எ லைஃப்' என்ற சிறு தட்டாக வந்தன. அவற்றில் வாசிப்பு இன்னும் நுணுக்கமாகியிருக்கிறது, வேகம் குறைந்திருக்கிறது, இடைவெளிகள் கூடியிருக்கின்றன. முதல் ஆல்பத்தின் வெறி இதில் இல்லை என்று குறைப்படுகிறவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. அதே கைகள் போன திசையில்தான் இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கின்றன. 1991இல் ஆல்பமும் இந்த நான்கு பாட்டுகளும் ஒரே குறுந்தகடாகச் சேர்க்கப்பட்டன. இந்த வகை இசைக்குப் புதியவர்கள் அதிலிருந்து தொடங்கினால் போதும். ஆனால் முதலில் 'டிரிங்க் டீப்' பாட்டைப் போடுங்கள், அது மெதுவானது, பேஸ் எங்கே நிற்கிறது என்று காதுக்குச் சுலபமாகப் பிடிபடும். அதற்குப் பிறகு ஆல்பத்தின் முதல் பாட்டுக்குத் திரும்பினால், அந்த வேகத்துக்குள் நால்வரும் ஒருவரை ஒருவர் எவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள் என்பது தெரியும்.