2012க்கு முன்னாடி என்ன, வாயைக் கட்டிப் போட்டிருந்தார்களா?

எங்க வடசென்னைத் தெருப் பாட்டான கானாவைப் பாடுகிற கானா பாலாவைப் பற்றி ஒரு தொகுப்பாளர் காலேஜ் விழாவில் பேசின அந்த வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள், நேற்றிலிருந்து எனக்கே பதினோரு பேர் அனுப்பியாச்சு, அதனால் முழுக் கதை வேண்டாம். தொகுப்பாளர் தம்பி சொன்னது மட்டும் இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. கானா பாலா "2012ல் அட்டகத்தி படம் மூலமாகப் பாட வந்தவர்". அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "சாவு வீட்டில் கிடந்த கானாவுக்கு சினிமாதான் மேடை போட்டுக் கொடுத்தது" என்று ஒரு பஞ்ச் வேறு. அதுக்குக் கைதட்டல்.

தம்பி, அவர் 2012ல் பாட ஆரம்பிக்கவில்லை. சினிமாக் கணக்கையே எடுத்தாலும் தப்பு, 2007லேயே ஸ்ரீகாந்த் தேவா இசையில் 'பிறகு' படத்தில் பாடிவிட்டார். அதுக்கும் முன்னாடி புளியந்தோப்புப் பக்கம் விடிய விடியப் பாடினதை எந்தக் கணக்கில் எழுதப் போகிறீர்கள்? இன்னொன்று, வாய்க்கு வாய் "பாடகர், பாடகர்" என்றீர்கள். 'சூது கவ்வும்' படத்துக் காசுப் பாட்டும் 'மெட்ராஸ்' படத்துச் சாவுப் பாட்டும் அவரே எழுதிப் பாடினவை. சட்டம் படித்த வக்கீல் என்பதையும் சொல்லவில்லை. சொன்னால் "குப்பத்திலிருந்து கிளம்பி வந்த குரல்" என்கிற வரி இனிக்காது, இல்லையா.

எங்க அப்பா 1999ல் இறந்தார். பின்னி மில்லில் தறி ஓட்டியவர், 1996ல் மில்லை மூடினதும் பாதி ஆளாகிவிட்டார். அன்றைக்கு ராத்திரி பந்தலில் பாட வந்த அண்ணன் கடைசி வரைக்கும் சினிமா பக்கமே போகாதவர், பேர் சொன்னாலும் உங்களில் யாருக்கும் தெரியாது. வந்ததும் கொடுத்த டீயைக் கீழே வைத்துவிட்டு முதலில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். "அப்பா பேர் என்னப்பா? இன்னா வேல பாத்தாரு? எத்தினி புள்ளைங்க? வேலைக்கு எதுல போவாரு?" பத்து நிமிஷம் இதுதான். அதுக்குள் டோலக்குக்காரர் நாலு தட்டு தட்டிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் பாட ஆரம்பித்தவர் அப்பா பேர், மில் சங்கு, பூட்டின கேட்டு, கேட்டுக்கு வெளியே சாத்தி வைத்த சைக்கிள் என்று கோத்துக்கொண்டே போனார். கையில் பேப்பர் கிடையாது. எதுகை ஒரு இடத்தில்கூடத் தட்டவில்லை. அதுவரைக்கும் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்த அம்மா அந்த சைக்கிள் வந்த இடத்தில்தான் உடைந்தார்.

என் கூடப் பிறந்த அண்ணன் அதை டேப்பில் பிடித்தான். மெல்ட்ராக் கேசட், அறுபது நிமிஷம். பக்கத்துத் தெருக்காரர்கள் வாங்கிப் போய் நாலு காப்பி எடுத்தார்கள். எங்க பக்கத்து ரெக்கார்டிங் இதுதான் தம்பி. ஸ்டுடியோவும் கிடையாது, ராயல்டியும் கிடையாது, நடுவில் நாய் குரைப்பது இலவசம். இப்படி எத்தனை ராத்திரி, எத்தனை பேர். அவர்களில் எவரும் 2012ல் பாட ஆரம்பிக்கவில்லை.

"சினிமா இல்லாவிட்டால் உனக்கே பாலாவைத் தெரிந்திருக்குமா" என்று ஒருத்தர் வருவார். தெரிந்திருக்கும், போங்க. சினிமாவால் காசும் பேரும் வந்ததை நான் மறுக்கவில்லை, அட்டகத்தி, மெட்ராஸ் இயக்குநர் ரஞ்சித்தையோ இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனையோ குறை சொல்லவும் இல்லை. அடுத்து "ராத்திரியில் மைக் வைத்துத் தூங்க விடுவதில்லை" என்பார்கள். மார்கழியில் விடிகாலை நாலரைக்கு ஸ்பீக்கர் கட்டும்போது மட்டும் தாலாட்டு மாதிரி இருக்குமோ? "பெண்களைக் கேவலமாகப் பாடுகிறார்களே" என்றால், ஆமாம், யூடியூபில் சில பையன்கள் பாடுகிறார்கள். என் பொண்ணு எதிரில் நானே போனை அணைத்திருக்கிறேன். இதுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ராயபுரத்து இசைவாணியும் கானாதானே பாடுகிறார்? 2020ல் பிபிசி நூறு பெண்கள் பட்டியலில் போட்ட பிறகுதானே அவரையே உங்களுக்குத் தெரிந்தது? எங்க வீட்டுப் பொருளுக்கு எப்பவும் வெளியாள் யாராவது வந்து சீல் குத்தணும்.

சரி, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் எந்த ஏரியா என்று கேட்டால் இருபது வருஷமாக "பெரம்பூர் பக்கம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வியாசர்பாடி என்று வாயைத் திறந்ததில்லை. 2014ல் வியாசர்பாடியைக் காட்டின 'மெட்ராஸ்' வந்த பிறகு ஒருத்தர் "அட, நீங்க அந்த ஏரியாவா, மாஸ் சார்" என்றார். நானும் பெருமையாகப் பல்லைக் காட்டினேன். சினிமா வந்து சொன்ன பிறகு. ராத்திரி பூரா தூங்காமல் இந்தத் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தேன், விடிகாலையில்தான் இது ஞாபகம் வந்தது.

அந்த கேசட் பீரோவில்தான் இருக்கிறது. ஆரம்பத்தில் "அப்பா பேர் என்னப்பா" என்று அவர் கேட்பதும், நான் திக்கித் திக்கிச் சொல்வதும் அதில் இருக்கணும். போட்டுக் கேட்கத்தான் பிளேயர் இல்லை. ஓடுகிற டேப் ரெக்கார்டர் யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸ் வாங்க, இரவலாகப் போதும், ரெண்டே நாளில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.