கூனர்ட் ஆப்பிரிக்காவுக்குப் போனவர்தான்

"ஜெர்மன் விலங்கு ஓவியர் வில்ஹெல்ம் கூனர்ட் பெர்லின் மிருகக்காட்சிசாலையைப் பார்த்தே சிங்கம் வரைந்தவர், ஆப்பிரிக்கா போனதே இல்லை" என்று சொல்வது தவறு. மாணவராக இருந்தபோது அங்கே வரைந்து பழகினார், சரி. ஆனால் 1891இலேயே ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு, அதாவது இன்றைய தான்சானியா பக்கம் போய்விட்டார். 1905இலும் 1911இலும் மறுபடி போனார். காட்டிலேயே பென்சிலாலும் எண்ணெய் வண்ணத்திலும் விலங்குகளையும் நிலத்தையும் பதிவு செய்துகொண்டு, பெரிய ஓவியங்களை பெர்லினில் தீட்டினார். அந்தப் புல்வெளி வெளிச்சம் கூண்டைப் பார்த்து வரைந்தால் வராது.

அப்புறம், அவரை வெறும் இயற்கை நேசராக மட்டும் பேசுவதும் நியாயமில்லை. வேட்டையாடிய விலங்குகளின் உடலை வைத்தும் வரைந்தார். 1905இல் ஜெர்மன் ஆட்சிக்கு எதிராக அங்குள்ள மக்கள் நடத்திய மாஜி மாஜி எழுச்சியில், மகெங்கே என்ற ஊரில் ஜெர்மன் காலனிப் படையின் பக்கம் நின்று சண்டையிட்டார். அந்தப் போரை ஓவியமாகவும் தீட்டினார்.