பையன் மாறினால் துரோகம், கோச் மாறினால் வளர்ச்சியா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரு பையன், வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பதிவாகும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பேர் கொடுத்தால் போதும், ‘காசுக்காக ஓடுறான்’ என்று திட்ட ஒரு கூட்டம் தயாராக இருக்கிறது. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆகிவிட்டதால் காசும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடுக்கிலிருந்து முதல் சீட்டை உருவுவது பல நேரம் கோச்.

2024 ஜனவரி 10 அன்று அலபாமாவின் தலைமைக் கோச் நிக் சேபன் ஓய்வை அறிவித்தார். இரண்டே நாளில் அந்த இடத்துக்கு வாஷிங்டனிலிருந்து கேலன் டிபோர் வந்தார். அவருடைய வாஷிங்டன் அணி தேசிய இறுதிப் போட்டி ஆடி நாலு நாள்தான் ஆகியிருந்தது. வாஷிங்டன் உடனே அரிசோனாவின் கோச் ஜெட் ஃபிஷைத் தன் பக்கம் இழுத்தது; அரிசோனா போய் சான் ஹோசே ஸ்டேட்டின் கோச் பிரென்ட் பிரென்னனை இழுத்தது. அன்றைய விதிப்படி தலைமைக் கோச் போனால் அந்த அணிப் பையன்களுக்குப் போர்ட்டலில் பேர் கொடுக்க 30 நாள் தனி அவகாசம், அதாவது விண்டோ. ஆக, ஒரு மனிதர் ஓய்வு பெற்றதில் நாலு கல்லூரிகளின் கதவு திறந்தது. அலபாமா வீரர் கேலப் டவுன்ஸ் ஓஹையோ ஸ்டேட்டுக்குப் போய் அடுத்த சீசனிலேயே சாம்பியன் ஆனார். இன்னொரு அலபாமா வீரர் கேடின் பிராக்டர் அயோவாவுக்குப் போய், அங்கே ஒரு மேட்ச்கூட ஆடாமல் அலபாமாவுக்கே திரும்பினார்!

போர்ட்டல் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. பையன் எழுதிக் கொடுத்தால் இரண்டு வேலை நாளுக்குள் கல்லூரி அவன் பேரை ஏற்ற வேண்டும். அதன்பிறகுதான் வேறு கோச்கள் அவனிடம் பேசலாம். அதே நேரம், அந்த செமஸ்டர் முடிந்ததும் பழைய கல்லூரி ஸ்காலர்ஷிப்பை நிறுத்திக்கொள்ளலாம். திரும்பி வர இடம் இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. அதைவிடப் பெரிய கண்ணி கிரெடிட், அதாவது பாடங்களை முடித்தால் பட்டத்துக்குச் சேரும் புள்ளி. 120 கிரெடிட் பட்டத்தில் 78 முடித்திருக்கிறான், புது இடத்தில் அவன் எடுக்கும் மேஜருக்கு (முதன்மைப் பாடம்) 60தான் சேரும் என்கிறார்கள் என்று வையுங்கள். மூன்றில் இரண்டு பங்கை நெருங்கிக்கொண்டிருந்தவன் பாதிக்கு வந்துவிட்டான். படிப்பில் போதிய முன்னேற்றம் இல்லாதவன் களம் இறங்க முடியாது. டிரான்ஸ்கிரிப்டைப் புது டிபார்ட்மென்டில் காட்டிக் கணக்குப் பார்க்காமல் சரி சொன்னவன் சம்மர் கிளாஸில் உட்கார வேண்டியதுதான்.

இப்போது விதியை மாற்றி, புதுக் கோச் அறிவிக்கப்பட்டு ஐந்து நாள் கழித்து 15 நாள் விண்டோ என்று வைத்திருக்கிறார்கள். வந்திருப்பது யார் என்று தெரிந்து முடிவெடுக்கலாம் என்பது நல்லது. 15 நாளில் கிரெடிட் கணக்கு முடியுமா என்றால், கஷ்டம்.

கோச் பக்கம் பாருங்கள். 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரை நீக்கிய டெக்சாஸ் ஏ அண்ட் எம், அவருக்குத் தர வேண்டியிருந்தது 7.5 கோடி டாலருக்கும் மேல். வேறு வேலை கிடைத்தாலும் அதில் ஒரு டாலர் குறையாது என்று ஒப்பந்தம்! 2025இல் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கிய பென் ஸ்டேட் தப்பித்தது. அவர் விர்ஜீனியா டெக்கில் சேர்ந்ததும் சுமார் 4.9 கோடி டாலர் பாக்கி 90 லட்சமாகச் சுருங்கியது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று, பிளேஆஃப் வாசலில் நின்ற ஓலே மிஸ் அணியை விட்டு லேன் கிஃபின் எல்எஸ்யூவுக்குப் போனார். பையன்கள் இருந்து ஆடினார்கள்.

ஆள் மாற்றினால் அணி தேறுமா என்பது வேறு கேள்வி. கர்ட் சிக்னெட்டி ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 பேரைக் கூட்டிக்கொண்டு இண்டியானாவுக்கு வந்தார். 3 வெற்றி, 9 தோல்வி என்றிருந்த அணி 2024இல் 11-2. வந்தவர்களுக்கு அவர் பிளேபுக், அதாவது ஆட்டத் திட்டங்கள், ஏற்கெனவே அத்துப்படி. கொலராடோவில் 2023இல் புதுக் கோச் டீயான் சாண்டர்ஸ் பழைய வீரர்களில் பெரும்பாலோரை மாற்றி அணியையே கழுவிக் கவிழ்த்தார். 1-11 என்பது 4-8 ஆனது, அவ்வளவுதான். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் 50 முறைக்கு மேல் சாக் வாங்கினார், அதாவது எறிவதற்கு முன்பே வீழ்த்தப்பட்டார். அவரைக் காக்கும் அஃபென்சிவ் லைனில் ஐந்து பேர். பக்கத்தில் இருப்பவன் எந்த டிஃபெண்டரை விட்டு எவனிடம் நகர்வான் என்பது உடம்பில் ஏற வேண்டும். ஸ்பிரிங்கில் கிடைக்கும் 15 பயிற்சி நாளில் அது ஏறாது. பந்தைப் பிடிக்கும் ரிசீவரை ஜனவரியில் வாங்கி செப்டம்பரில் ஆடவிடலாம், லைனை அப்படி வாங்க முடியாது.