வெளிநாட்டு அக்காவை வகுப்பின் முன்னால் நிறுத்த வேண்டாம்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு ஜெர்மனியிலிருந்து தன்னார்வலராக வந்த பெண் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். பத்தொன்பது வயது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, பல்கலைக்கழகம் போவதற்கு முன் ஓர் ஆண்டை இதற்காகவே ஒதுக்கி வந்தவள். அவள் ஊர் திரும்பிய பிறகு பெற்றோர்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரே பேச்சு: அடுத்து வருகிறவரிடம் ஆறாம் ஆண்டு ஆங்கில வகுப்பையே கொடுத்துவிடலாமாம். வெள்ளைக்காரர் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தானாக வருமாம். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் தாய்மொழியே கிடையாது. நம் பிள்ளைகளைப் போலவே அவளும் பள்ளியில் படித்துக் கற்றுக்கொண்டதுதான். அதை அவளே எல்லாரிடமும் சொன்னாள், யார் காதிலும் விழவில்லை. நம் ஆசிரியையோ ஆசிரியர் கல்விக் கழகத்தில் ஐந்து ஆண்டுகள் படித்து, பயிற்சி எடுத்து வந்தவர். தோலின் நிறத்தைப் பார்த்து அவரை ஓரங்கட்டுவது எவ்வளவு பெரிய அவமானம்!

இன்னொன்றையும் நாம் மறந்துவிட்டோம். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912 தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி வந்தது, ஆனால் ஆசிரியர் எங்கே? பல தோட்டங்களில் கணக்கு எழுதும் கிராணியோ, வேலையாட்களை மேய்க்கும் கங்காணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோ பாடம் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லையென்றால் எங்கள் தாத்தாவுக்கு எழுத்தே தெரிந்திருக்காது. ஆனால் பயிற்சி பெற்ற ஆசிரியர் நம் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று எத்தனை பேர் எத்தனை காலம் போராடினார்கள்! அப்படிக் கிடைத்ததை நாமாகவே விட்டுக்கொடுத்து, பயிற்சி இல்லாத ஒரு சின்னப் பெண்ணிடம் வகுப்பை ஒப்படைப்பதா?

சரி, அப்படியானால் தன்னார்வலர் எதற்கு? இங்கேதான் அவள் உண்மையில் என்ன செய்தாள் என்பதைப் பார்க்க வேண்டும்.

வந்த புதிதில் அவளை வகுப்பின் முன்னால்தான் நிறுத்தினார்கள். பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள், சிரித்தார்கள், தலைமுடியைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றார்கள். பாடம் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பாள். என் மாமியார்தான் பக்கத்தில் உட்கார்ந்து, புரிகிறதோ இல்லையோ, தமிழிலேயே பேசிப் பேசிச் சாப்பிட வைப்பார். பிறகு தலைமையாசிரியர் ஒரு நல்ல காரியம் செய்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறும் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளில் சிலரைப் பிரித்து, சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் ஒரு மேசையில் அவளோடு உட்கார வைத்தார். என்ன படிக்க வேண்டும் என்று வகுப்பாசிரியை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுவார். இவள் வேலை பக்கத்தில் இருந்து கேட்பது மட்டும்தான்.

அந்த மேசையில் ஒரு பையன் இருந்தான். அம்மா ஈப்போவில் தொழிற்சாலை வேலை, அப்பா செம்பனை லோரி ஓட்டுகிறார். வகுப்பில் வாயே திறக்காதவன். ஒருநாள் ஓய்வு நேரத்தில் இவள் கபடி ஆட வந்து, கோட்டைத் தாண்டிப் போய் மூச்சையும் விட்டுவிட்டு, ஆட்டத்திலேயே நின்றாள். அவனுக்குப் பொறுக்கவில்லை. அவளுக்குத் தமிழ் புரியாது. ஆகவே "நோ அக்கா, யூ அவுட், யூ ப்ரீத்!" என்று கத்தினான். அவன் வாயிலிருந்து வந்த முதல் ஆங்கில வாக்கியம் அதுதான் என்று ஆசிரியை சொன்னார். அன்றிலிருந்து விதிகளையெல்லாம் விளக்குவது அவன் பொறுப்பானது. சொல்லியே ஆக வேண்டிய தேவை வந்ததும் பேச்சு வந்துவிட்டது. முப்பது பேருக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த நேரத்தைத் தர முடியாது. பெரிய பெண்ணாக, அக்காவாக, அவசரமில்லாமல் பக்கத்தில் இருக்கும் ஒருத்தியால் முடியும்.

அதற்குக் காலம் வேண்டும். இரண்டு வாரத்துக்குக் கூட்டமாக வந்து, சுவருக்குச் சாயம் பூசி, பிள்ளைகளைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துப் போகிறவர்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். அவர்களுக்காக அட்டவணை மாறுகிறது, தேர்வுப் பயிற்சி தள்ளிப் போகிறது, பிள்ளைகள் ஒட்டிக்கொண்டு பிறகு ஏங்குகிறார்கள். 1962 முதல் 1983 வரை இந்த நாட்டுக்கு வந்த, அமெரிக்க அரசின் பீஸ் கோர் என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் 4,000-க்கும் மேற்பட்டோர். மொழிப் பயிற்சி எடுத்துக்கொண்டு, பொதுவாக இரண்டு ஆண்டுகள் இருந்தார்கள். அவர்களில் பலர் முழு நேர ஆசிரியர்களாகவே பணியாற்றியதும் உண்மைதான். அன்றைக்கு அறிவியல், கணித ஆசிரியர்களுக்குத் தட்டுப்பாடு. இன்று நிலைமை வேறு.

சட்டமும் இருக்கிறது. சுற்றுலாப் பயணியாக வந்து பள்ளியில் வேலை செய்யக் கூடாது. தன்னார்வலருக்கும் குடிநுழைவுத் துறையின் 'இக்திசாஸ்' பாஸ், அதாவது நிபுணர் வருகை அனுமதி, உண்டு, 12 மாதம் வரை கிடைக்கும். அதற்கு இங்கிருந்து ஒருவர் பொறுப்பேற்று விண்ணப்பிக்க வேண்டும். அந்த அலைச்சலுக்குத் தயாராக இல்லாத பள்ளி ஆளை அழைக்கவே வேண்டாம்.

தங்குகிறவர் வாழ்க்கையையும் யோசியுங்கள். பிற்பகலில் பள்ளி முடிந்தால் இந்தச் சின்னப் பட்டணத்தில் அவளுக்குப் போக்கிடம் இல்லை. மோட்டார் ஓட்டத் தெரியாது, மாலையில் மழை, ஈப்போ போக யாராவது கார் எடுத்தால்தான் உண்டு. கிறிஸ்துமஸ் இரவில் அறையில் அழுதாள். இப்படிப்பட்ட நாட்களில் கூட இருக்க ஒரு குடும்பம் வேண்டும். விடுதி அறை ஒன்றைப் பிடித்துக் கொடுத்துவிட்டு நம் கடமை முடிந்தது என்று இருக்கக் கூடாது.

வரும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மூன்று கேள்வி கேட்கப் போகிறேன். முழுப் பள்ளியாண்டும் இருப்பாரா? எந்த ஆசிரியர் அவருக்கு வேலை சொல்வார்? எந்த வீட்டில் தங்குவார்? கூலிமிலோ பீடோரிலோ உங்கள் பள்ளிக்கும் இப்படி யாராவது வந்திருந்தால், அவருக்கு என்ன வேலை கொடுத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். கூட்டத்துக்கு முன் படித்துவிட்டுப் போகிறேன்.