இரண்டு குழியா, ஐந்து குழியா?

இங்கிலாந்தில் வயலில் வீடுகள் கட்டுவதற்கு முன், தொல்லியல் ஆட்கள் வந்து நீள நீளமாகச் சோதனைக்குழி வெட்டிப் பார்ப்பது இன்று சாதாரணம். ‘வெட்டி வேலை, கட்டுமானம்தான் தாமதமாகிறது’ என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு எரிச்சல் வேறு விஷயத்தில். எவ்வளவு வெட்டுவது என்று பேரம் பேசுகிறார்களே, அதில்.

1989இல் லண்டனில் அலுவலகக் கட்டடம் எழும்பவிருந்த இடத்தில் ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் எச்சம் வெளிப்பட்டது. நடிகர்கள் உட்படப் பலர் திரண்டு போராடினார்கள். அடுத்த ஆண்டு, 1990 நவம்பரில், பிபிஜி 16 என்ற அரசு வழிகாட்டுதல் வந்தது. மண்ணுக்குள் இருப்பதைக் கட்டட அனுமதிக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கான செலவு கட்டடம் கட்டுகிறவருடையது என்பது அப்போதுதான் நடைமுறையாக வேரூன்றியது. நல்ல ஏற்பாடு.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். 2 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளத்தில் ஒரு குழி வெட்டினால் 100 சதுர மீட்டர். நிலத்தில் 2 சதவீதத்தை வெட்டிப் பார்த்தால் போதும் என்றால் ஹெக்டேருக்கு இரண்டே குழி. 5 சதவீதம் என்றால் ஐந்து. ரோமானியர் காலத்துப் பண்ணையின் நீண்ட வாய்க்கால் எப்படியும் ஏதாவது ஒரு குழியில் குறுக்கிடும். ஆனால் நாலைந்து கம்பக்குழிகள், அதாவது தூண் நட்ட சின்னக் குழிகளின் தடம், மட்டுமே மிஞ்சிய ஒரு மரவீடு? ஓரமாகக் கிடக்கும் பத்துப் புதைகுழிகள்? இரண்டு குழிகளுக்கு நடுவே பத்திரமாகத் தூங்கும். அப்புறம் அறிக்கையில் ‘குறிப்பிடத்தக்க எச்சம் இல்லை’ என்று வரும்.

‘காந்தமானியை வைத்துத்தான் பார்த்தாகிவிட்டதே’ என்பார்கள். தோண்டாமலே மண்ணின் காந்த வேறுபாட்டை அளக்கும் கருவி அது. அடுப்பு, சூளை, மண் நிரம்பிய பள்ளம் எல்லாம் அதில் நன்றாகத் தெரியும். சின்னக் கம்பக்குழியும், தோண்டிய மண்ணையே போட்டு மூடிய புதைகுழியும் பல சமயம் தெரியாது. கருவி காட்டிய இடத்தில் மட்டுமல்ல, வெறுமையாகக் காட்டிய இடத்திலும் வெட்ட வேண்டும் என்பது இதனால்தான். அங்கே நிஜமாகவே ஒன்றும் இல்லையென்றால் அதுவும் ஒரு தகவல்தானே.

விவசாயியின் கோபம் மட்டும் எனக்குப் புரிகிறது. தோண்டும் இயந்திரத்தின் பல் இல்லாத பக்கெட்டால் மேல்மண்ணை வழித்துத் தனியாகவும், அடிமண்ணைத் தனியாகவும் குவித்து, அதே வரிசையில் திருப்பி மூட வேண்டும். அவசரத்தில் கலந்து கொட்டி, மண்ணுக்கடியில் போகும் வடிகால் குழாயையும் உடைத்துவிட்டுப் போனால், கட்டுமானம் தள்ளிப்போகும் வயலில் அடுத்த விதைப்பு அவர் தலையில்தான் விடியும்.