பயாஸைத் தொடுமுன் வட்டைப் பாருங்கள்

மைக்ரோசாஃப்டின் ஆதரவுப் பட்டியலில் இல்லாத கணினியில் விண்டோஸ் 11 நிறுவுவது பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். பயாஸில் (கணினி துவங்கும்போது முதலில் இயங்கும் நிரலில்) சிஎஸ்எம்மை (பழைய முறையில் துவங்க உதவும் வசதியை) நிறுத்திவிட்டு, செக்யூர் பூட்டையும் (நம்பகமான மென்பொருளை மட்டுமே துவங்கவிடும் காப்பையும்) டிபிஎம்மையும் (குறியாக்கத் திறவுகோல்களைக் காக்கும் கூறையும்) இயக்க வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியே. ஆயினும், எதை முதலில் செய்வது என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். பம்பலப்பிட்டியில் நான் வாங்கிய, ஏழாம் தலைமுறை இன்டெல் செயலி கொண்ட பழைய அலுவலகக் கணினியின் வட்டு எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருந்தது. அதைக் கவனியாமல் சிஎஸ்எம்மை நிறுத்தியதும், துவக்குவதற்கு வட்டே இல்லை என்ற செய்திதான் திரையில் நின்றது. சிஎஸ்எம்மை மீண்டும் இயக்கி, விண்டோஸ் 10உடன் வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் (கோப்புகளை வேறிடத்தில் பிரதியெடுத்த பின்னர்தான்) வட்டை ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்றிய பிறகே கணினி யூஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில் எழுந்தது.

டிபிஎம் என்ற பெயரையே பயாஸில் தேடி அலைய வேண்டாம். இன்டெல் பலகைகளில் அது பெரும்பாலும் பிடிடி என்றும், ஏஎம்டி பலகைகளில் எஃப்டிபிஎம் என்றும் இருக்கும். வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் இயங்குமானால், முதலில் அதை இடைநிறுத்தி, மீட்புத் திறவுகோலைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். கோர் 2 டுவோ என்ற பழைய இன்டெல் செயலியின் காலத்துக் கணினிகளுக்கோ இந்த உழைப்பெல்லாம் வீண்: 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, பாப்கவுண்ட் (ஓர் இரும எண்ணில் உள்ள 1களை எண்ணும்) கட்டளை இல்லாத செயலியில் துவங்கவே துவங்காது, அதை மாற்றும் அமைப்பு எந்தப் பயாஸிலும் இல்லை.