கட்டின காசு எல்லாமே போய்விடாது
"மலிவு விமானத்துல கட்டின எந்தக் கட்டணமும் திரும்ப வராது" என்று மேலே ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். பாதிதான் சரி. நாமாகப் பயணத்தைக் கைவிட்டால் டிக்கெட் காசு பெரும்பாலும் போனதுதான். ஆனால் விமான நிறுவனம் காசு வாங்கிக்கொண்டு சேவையைத் தராவிட்டால் கதையே வேறு. ஜன்னல் சீட்டுக்குத் தனியாகக் கட்டியவரை அவர்களாகவே நடு சீட்டுக்கு மாற்றினால், அந்தத் தொகையைக் கேளுங்கள். அமெரிக்காவில் 2024 முதல் இது விதியாகவே இருக்கிறது. அங்கே உள்நாட்டு விமானம் வந்து 12 மணி நேரத்துக்குள் பெட்டி கைக்கு வராவிட்டால், புகார் கொடுத்தவருக்கு லக்கேஜ் கட்டணத்தையும் திருப்பித் தரவேண்டும். வவுச்சர் தருகிறோம் என்று நைசாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள் (அதில் கில்லாடிகள்!). பழைய சீட் எண் இருக்கும் ரசீதையும் புது போர்டிங் பாஸையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.